சுல்தானுக்கு முடி எடுத்த வாரம்

பிப்ரவரி 11, செவ்வாய்

பழனியம்மா அக்காவின் தோள் எலும்பை உடைத்தது முதலாளி. குதிரை இல்லை.

காலையில் பனி. எட்டு மணிக்கெல்லாம் வெயில். லாயம் கூட்ட ஆள் இல்லை, நானே கூட்டினேன். சாணி மூன்று கூடை.

நேற்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை முதலாளி மகளின் கல்யாண அழைப்புக்கு வீடியோ. போர்வெல் ரிக் வைத்திருக்கும் எங்கள் முதலாளி குதிரை மேல் வர வேண்டுமாம். குதிரை சுல்தானுக்கு உடம்பு முழுக்க முடி எடுத்தால்தான் கேமராவில் பளபளக்கும். குதிரை பிடிக்கும் ஆள் லீவு. சாணி அள்ளும் பழனியம்மா அக்காவைத் தலைக்கயிறு பிடிக்கச் சொன்னார். சம்பளம் கூட்டிக் கேட்டால் பெண்பிள்ளை, கயிறு பிடிப்பதற்கு மட்டும் ஆம்பளை.

முடி வெட்டும் மெஷின் என் கையில். கழுத்து முடிந்தது. தோளில் பாதி. மெஷின் முடியை வெட்டவில்லை, பிடித்து இழுத்தது. பிளேடைப் புறங்கையில் வைத்துப் பார்த்தேன். சுட்டது. நிறுத்தலாம் என்றேன். முதலாளி விடவில்லை.

"பாதியில உட்டா சொறி புடிச்ச கழுதையாட்டம் இருக்கும். இன்னும் பத்து நிமிசம். முடிச்சுப்போட்டு நிறுத்து."

விலாவில் வைத்தேன். சுல்தான் ஒரே திருப்பு. அக்கா குதிரைக்கும் சுவருக்கும் நடுவில். பெரிய சத்தம் இல்லை. காய்ந்த மிலாறுக் குச்சி ஒடிவது மாதிரி.

பிளேடு மொட்டை. சாணைக்கு அனுப்பச் சொல்லிப் பொங்கலுக்கு முன்னாலிருந்து கேட்கிறேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டில்: வீட்டில் வழுக்கி விழுந்தது. சொன்னவர் முதலாளி. பக்கத்தில் நின்றவன் நான். அக்கா வலியில் கண்ணை மூடியிருந்தார். நான் திறந்துதான் வைத்திருந்தேன்.


பிப்ரவரி 12, புதன்

வெயில். காற்று இல்லை. கோழிப்பண்ணை நாற்றம் இந்தப் பக்கம்.

முதலாளி காலையிலேயே: "நாளைக்குச் சேலம் போயி சாணை புடிச்சுட்டு வந்துரு. மீதி முடிய சனிக்கெழமைக்குள்ள எடுத்துப்போடு." அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுல்தானின் தோலில் சிவந்த இடத்துக்கு மட்டும் டாக்டர் வந்து களிம்பு போட்டுப் போனார்.

மதியம் அக்கா வீடு. தோளில் கட்டு. ஆறு வாரம் கையைத் தூக்கக்கூடாது. மகன் தறிக்குப் போயிருந்தான். ஒற்றைக் கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, சுல்தான் தீவனம் எடுத்துச்சா?"

"எடுத்துச்சுங்கக்கா."

"பயந்துருக்கும். முந்தாநேத்து வரைக்கும் எங்கிட்ட மூஞ்சியக் குடுத்துட்டு நிக்குமே."

அப்புறம், "மொதலாளி என்னுங் சாமி சொல்றாரு? ஒத்தக் கையிலயே கூட்டிப்போடுவேன்னு சொல்லு. வேற ஆளப் போட்றப் போறாங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாப்பிட்டேன், படுத்தேன்.


பிப்ரவரி 13, வியாழன்

சேலம் அம்மாபேட்டை. பஸ்ஸில் நின்றே போனேன். சாணைக் கடையில் தையல்காரர் கத்தரி, சலூன் மெஷின், தறிக்காரர்கள் நூல் நறுக்கும் கத்தரி. எனக்கு முன்னால் ஆறு பேர். தறிச் சத்தத்தில் எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள். திரும்பி வந்த ஒருவர் கடைக்காரரிடம் சண்டை.

"அரைச்ச கத்தரி மயிரக்கூட வெட்டலையே!"

"துணி வெட்டுற கத்தரியில மீசை வெட்டுனா அப்படித்தான். வீட்டுல யார் கையில குடுத்த?"

என் முறை. குதிரை மெஷினுக்கு இரண்டு செட். ஒவ்வொரு செட்டிலும் முடிக்குள் சீப்பு மாதிரி ஓடும் அடி பிளேடு ஒன்று, அதன் மேல் ஆடும் மேல் பிளேடு ஒன்று. கடைக்காரர் நான்கையும் வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தில் உரசினார்.

"யாரு சொன்னது மொட்டைன்னு?"

"முடிய இழுக்குதுங்க. சூடாகுது."

"இழுக்கும். சம்பந்தி மாத்திக் கட்டி வெச்சிருக்க. இங்க பாரு."

போன தடவையே ஓரத்தில் புள்ளி குத்திக் கொடுத்திருக்கிறார். ஒரு செட்டுக்கு ஒற்றைப் புள்ளி, இன்னொன்றுக்கு இரட்டை. மெஷினிலிருந்து கழற்றி நான் கொண்டு வந்த செட்டில் அடி பிளேடு ஒற்றை, மேல் பிளேடு இரட்டை.

"ரெண்டும் ஒண்ணா அரைச்சு ஒண்ணா தேஞ்சது தம்பி. ஒண்ணு மேல ஒண்ணு படியணும். மாத்திப் போட்டா நடுவுல சந்து. முடி அதுல மாட்டும். வெட்டலைன்னதும் நட்ட இறுக்கியிருப்பியே?"

"ஆமாங்க."

"எல்லாரும் அதத்தான் பண்ணுவாங்க. இறுக்கினா சூடு. கழட்டினதும் ஜோடியா நூல்ல கட்டிப் போடுன்னு சொன்னேனா இல்லையா?"

சொல்லியிருந்தார். ஞாயிறு சாயந்திரம் நான்கையும் ஒரே டின் டீசலில் போட்டு அலசினேன். போனில் கிரிக்கெட். கைக்கு வந்ததை எடுத்துச் சேர்த்தேன். மாட்டியதும் கொஞ்சம் கரகரவென்று கேட்டது. திங்கட்கிழமை நட்டை இரண்டு திருப்பு இறுக்கியதும் நான்தான்.

அரைக்கவே இல்லை. துடைத்து, ஜோடி சேர்த்து, நூல் சுற்றிக் கொடுத்தார். "இன்னும் ரெண்டு குதிரைக்குத் தாங்கும், போ."

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ராசிபுரம் வரை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று நினைவில்லை.


பிப்ரவரி 14, வெள்ளி

மேகம். மழை இல்லை.

செய்தது:
குதிரையைக் கழுவிக் காய வைத்தது (மண் இருந்தால் பிளேடு போச்சு).
இரட்டைப் புள்ளி ஜோடி மாட்டியது.
நட்டு: பிடிக்கும் வரை திருப்பி, மேலே கால் திருப்பு. அவ்வளவுதான்.
பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, முடி தட்டி, எண்ணெய் இரண்டு சொட்டு.
சூடு: புறங்கையில். இல்லை.

குதிரை பிடிப்பவர் வந்துவிட்டார். சுல்தான் அசையவில்லை. முடி பாளம் பாளமாக விழுந்தது. திங்கட்கிழமையும் இப்படித்தான் விழுந்திருக்கும். அக்கா இப்போது இங்கே கூட்டிக்கொண்டிருப்பார்.

முதலாளி வாசலில் நின்று யாரிடமோ போனில்: "அட ஏனுங்க, அந்தம்மாளுக்குக் குதிரை புடிக்கத் தெரியலீங்க. கயித்த உட்டுப்போட்டா. குதிரை சும்மா இருக்குமா? வேற ஆள் பாத்துட்டு இருக்கனுங்க."

அக்கா கயிற்றை விடவில்லை. விட்டிருந்தால் ஓரமாக ஒதுங்கியிருக்கலாம். பிடித்துக்கொண்டே நின்றதால்தான் சுவரோடு சேர்ந்தார். எனக்குத் தெரியும். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை.


பிப்ரவரி 15, சனி

அக்காவிடம் சொன்னேன். புள்ளி, டீசல் டின், போன், நட்டு. எல்லாம். கீழே பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அக்கா கட்டுப் போடாத கையால் ஈயை ஓட்டினார்.

"ஏஞ்சாமி இத எங்கிட்ட சொல்ற?"

கட்டைச் சரி செய்துகொண்டே அவரே தொடர்ந்தார்.

"எனக்குச் சொன்னா எலும்பு கூடிருமா? கயித்த உட்டுட்டேன்னு டீக்கடை வரைக்கும் சொல்லி வெச்சிருக்காங்க. பொம்பள புடிச்சா இப்படித்தான்னு எம்பையனையே ஒருத்தன் கேட்டானாம். நான் உடலை. நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தனுங்க."

"அப்ப அங்க போயிச் சொல்லு. இங்க வந்து தலையத் தொங்கப்போட்டுட்டு உக்காராத."

தண்ணீர் கேட்டேன். குடத்தைக் கையால் காட்டினார். நானே எடுத்துக் குடித்தேன்.


பிப்ரவரி 16, ஞாயிறு

நல்ல வெயில். வீடியோ ஆட்கள் ஏழு மணிக்கே. ட்ரோன். சுல்தான் எண்ணெய் தடவிய கருங்கல் மாதிரி.

முதலாளி பட்டு வேட்டியில் வந்தார். சேணம் மாட்டும்போது பக்கத்தில் போய்ச் சொன்னேன். வீடியோ ஆட்கள் நான்கு பேர், குதிரை பிடிப்பவர், எல்லோரும் இருந்தார்கள்.

"பிளேடு ஜோடிய மாத்திப் போட்டது நாந்தானுங்க. நிறுத்தலாம்னப்ப வேண்டாம்னது நீங்க. பழனியம்மா அக்கா கயித்த உடலீங்க. கடைசி வரைக்கும் புடிச்சிருந்தாங்க."

முதலாளி சேணத்தின் வாரை இழுத்துப் பார்த்தார்.

"அடிபட்டது நம்ம லாயத்துலன்னு ஆஸ்பத்திரிச் சீட்ட மாத்தி எழுதோணும். நான் சாட்சி சொல்றேன். நீங்க வந்து சொல்லோணும். கை சரியான பொறகு அக்காவே இங்க வேலைக்கு வரோணுமுங்க."

வீடியோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். குதிரை பிடிப்பவர் கயிற்றைப் பார்த்தார். முதலாளி சுல்தானின் கழுத்தைத் தடவினார், முடி எடுத்த வழவழப்பில் விரல் போனது. பிறகு அங்கவடியில் காலை வைத்து ஏறினார்.

கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் கேட்டேன்.

"எப்பங்க வாரீங்க ஆஸ்பத்திரிக்கு?"