துண்டை அவிழ்க்காமல் வாருங்கள்

என் சண்டைக்காரருக்கு,

காவிரித் தகராறில் பெங்களூர் பஸ்கள் நின்றுவிட்டதால், இதைப் பக்கத்து வீட்டு லாரிக்காரர் பசவராஜுவிடம் கொடுத்தனுப்புகிறேன். அங்கே சிநேகிதர் வீட்டுக் கல்யாணம் முடிந்ததல்லவா, அவர்களிடம் சொல்லிக்கொண்டு பசவராஜுவுடனேயே கிளம்பிவிடுங்கள். "நான் இருக்கறப்ப அண்ணன் மேல யாரு கைய வெப்பாங்க? ஆனா எல்லைல இருக்கற அத்திப்பள்ளி தாண்டறவரைக்கும் அவரு வாயத் தொறக்கக் கூடாதுக்கா" என்கிறார்.

உங்களால் முடிகிற காரியமா அது?

ரிட்டையர் ஆனதிலிருந்து சண்டைதானே உங்கள் பொழுதுபோக்கு? காய்க்காரம்மாவிடம் தெலுங்கில் பேரம், பால்காரரிடம் கன்னடத்தில் கேலி. கோபம் வந்தால் மட்டும் சுத்தத் தமிழ். போன வாரம் தாயத்தில் உங்கள் காயை வெட்டியதற்குத் தெருவே கேட்கத் திட்டினீர்கள். நான் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று கட்டத்தில் விழுந்தது.

நேற்று எல்லையிலிருந்து நடந்தே வந்தவர்களைப் பற்றி எழுத மாட்டேன். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தே இரண்டு குடம் காலியாகிவிட்டது.

துண்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன். பல்வலிக்காரர் மாதிரி தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். வழியில் டீ ஆறியிருந்தாலும், யாராவது காலை மிதித்தாலும், கோபப்படாதீர்கள். எது கேட்டாலும் பசவராஜு பதில் சொல்லட்டும்.

வெட்டிய காயை நானே பழைய கட்டத்தில் வைத்துவிட்டேன். இன்று குழம்பில் உப்பையும் வேண்டுமென்றே அள்ளிப் போட்டிருக்கிறேன். வந்து துண்டை அவிழ்த்ததும், முதல் வேலையாக என்னைத் திட்டுங்கள்.

லாரிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி