முதல் உருண்டை

நவம்பர் 4, செவ்வாய்

லைனில் இரண்டு தடவை மெஷின் நின்றது. சூப்பர்வைசர் இஞ்சி தின்ற குரங்கு போல அலைந்தார். நமக்கென்ன, வருகிற பீஸைப் பார்த்து அனுப்புவதுதான் நம் வேலை.

மதியம் கேன்டீனில் வெங்கடம்மாள் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அக்கா பேக்கிங் செக்‌ஷன், பேரிகையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். அவருடைய ராகிக் களிக்கும் என் சாத்தூர்க் கருவாட்டுக் குழம்புக்கும் பல வருஷமாகப் பண்டமாற்று. என்னக்கா என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

தை மாதம் அவர் மகள் பிரியதர்ஷினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் பெண்ணின் அண்ணன்தான் மாலை போட வேண்டும். அந்த அண்ணன் ஹரீஷ்குமார், டிப்ளமோ முடித்துக் கிடைத்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சமையல் கற்கிறேன் என்று பெங்களூர் போனவன். இப்போது ஓசூரிலேயே, பாகலூர் ரோட்டுப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற இத்தாலியன் ஓட்டலில் இருக்கிறான். மகன் வேலையை விட்ட நாளிலிருந்து அவன் அப்பா கிருஷ்ணப்பன் அவனோடு பேசுவதில்லை.

"'ஊரான் எச்சித் தட்டு கழுவறவன் எம் பொண்ணு கல்யாணத்துல மாலை தூக்க வேணாம், என் தம்பி மவன் போடட்டும்'னுட்டாரு செல்வி."

அவன் தட்டுத்தான் கழுவுகிறானா? அது அக்காவுக்கே தெரியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

அக்கா முடிவு செய்துவிட்டார். மகனுக்குச் சொல்லாமல் போய், அங்கே சாப்பிட்டுப் பார்க்கப் போகிறார். "கழுவற வேலைதான்னா கையப் புடிச்சு இழுத்தாந்து அவங்கப்பன் கால்ல விழ வெச்சிருவேன். இல்லன்னா..." இல்லையென்றால் என்ன என்று சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் பயம்.

துணைக்கு நான். அக்கா தன் வீட்டில் சொல்லியிருக்கும் பொய், என் வீட்டில் விசேஷம் என்பது. என்ன விசேஷம் என்று கேட்டால் எனக்குக் காதுகுத்து என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

நவம்பர் 13, வியாழன்

இத்தாலியன் ஓட்டலுக்கு எந்தப் புடவை கட்டுவது? பித்துப் பிடித்தவள் போல பீரோ முன்னால் நிற்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

எங்கிருந்து எழுதுவது என்று தெரியவில்லை. இன்னும் மலைப்பு தீரவில்லை.

பட்டுப்புடவையில் வந்தது நாங்கள் இருவர் மட்டும்தான். மற்றவர்கள் அரைக்கால் டவுசரில் இருந்தார்கள். மெனுவில் ஒரு பெயரும் வாயில் நுழையவில்லை. பரிமாறுகிற பெண்ணிடம், சைவமாக நீங்களே பார்த்துக் கொடுங்கம்மா என்று சொல்லிவிட்டேன்.

முதலில் சின்னக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வந்தது. கை கழுவவோ குடிக்கவோ தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அக்கா தைரியமாக ஒரு வாய் குடித்தார். குடித்துவிட்டுக் குவளையை உற்றுப் பார்த்தார். "செல்வி, தக்காளிடி." நானும் குடித்தேன். பார்த்தால் பச்சைத் தண்ணீர், நாக்கில் பழுத்த தக்காளி! ரசமுமில்லை, சாறுமில்லை. காலையில் செடியிலேயே கடித்தால் வருமே, அந்த ருசி. பழத்தை நசுக்கித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக இறக்கினதாம். அக்கா தோட்டத்தில் வருஷா வருஷம் தக்காளி. அவருக்கே அது புதுசு.

அடுத்தது விரல் நகம் தெரியும் அளவுக்கு மெல்லிய மாவு மடிப்பு, உள்ளே மசித்த அவரைக்கொட்டை. அதைத் தின்றபோது எனக்கு ஏன் அழுகை வந்தது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு அக்கறையாக எனக்கு யாரும் ஒன்றைச் செய்து கொடுத்ததில்லை. அதுதான் காரணம்.

பிறகு ராகி உருண்டைகள். கட்டைவிரல் அளவு, ஒவ்வொன்றின் முதுகிலும் வரி வரியாக. மேலே வெண்ணெயில் பொரிந்த கறிவேப்பிலை. இங்கேதான் என் கை புத்தியைக் காட்டியது. கம்பெனியில் எந்த ஷிஃப்ட் ஆனாலும் முதல் பீஸை அனுப்பமாட்டோம், தனியாக எடுத்து வைப்போம். நாள் முழுக்க வருவதை அதோடு ஒப்பிட வேண்டும். வீட்டில் இட்லிக்கும் எனக்கு அதே கைதான். முதல் உருண்டையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன், எனக்கே தெரியாமல்.

பரிமாறுகிற பெண் பார்த்துவிட்டாள். "பிடிக்கலையா மேடம்?" வாயில் உருண்டை இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் உள்ளே போய்விட்டாள். வெள்ளைக் கோட்டும் கறுப்பு ஏப்ரனுமாக ஒரு பையன் வெளியே வந்தான்.

"மேடம், என்ன குறைன்னு சொன்னீங்கன்னா" என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தவன், எதிரில் யார் என்று பார்த்தான்.

"அம்மா?"

காரியத்தைக் கெடுத்தேனே! அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தெலுங்கில், வீட்டில் கேட்பது போலவே கேட்டார்: "தின்னாவாரா?"

சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அவன் இல்லை என்று தலையாட்டினான். அக்கா என் தட்டில் ஒதுக்கியிருந்த அந்த உருண்டையைக் கையால் எடுத்து அவன் வாயில் வைத்தார். அத்தனை மேஜையும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் குனிந்து வாங்கிக்கொண்டான்.

"இத யாருடா உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"நீ களி கிண்டறதப் பாத்ததுதாம்மா. மிச்சம் நானாப் பண்ணேன். மாவுதான் சரியில்ல, கடை மாவு. எவ்ளோ சலிச்சாலும் நறநறங்குது."

எனக்கு ஒரு நறநறப்பும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிகிறது.

உள்ளே கூட்டிக்கொண்டு போனான். நாலைந்து பேர் அவனைச் செஃப் செஃப் என்று கூப்பிட்டார்கள். பேசிக்கொண்டே தொட்டியில் கிடந்த தட்டுகளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். எனக்குத் திக்கென்றது. "தட்டும் கழுவுவேம்மா. ஆள் பத்தலன்னா இங்க எல்லாருந்தான் கழுவுவோம்."

அக்கா ஒரு தட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் கழுவற," என்றார்.

அவ்வளவுதான். இழுத்துக்கொண்டு போகவில்லை.

நவம்பர் 17, திங்கள்

முதல் பீஸை எடுத்து வைக்கும்போது தானாகச் சிரிப்பு வந்தது. ஏன் ஒதுக்கினாய் என்று அக்கா கேட்டார், சொன்னேன். "நாங்க களத்துல மொதல் மொறம் சாமிக்கு எடுத்து வெப்போம், அந்த மாதிரியா?" என்றார். அந்த மாதிரிதான் என்றேன். இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

அக்கா வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டார்! "ஆமா, தட்டும் கழுவறான், சமைக்கவும் சமைக்கறான். அவங் கையால தின்னுட்டுதான் வந்தேன். நம்ம நெலத்துல ராகி நிக்குது, எம் மவன் கடையில மாவு வாங்கறான்." கிருஷ்ணப்பன் சோற்றில் கை வைக்காமல் எழுந்து வயலுக்குப் போய்விட்டாராம்.

டிசம்பர் 8, திங்கள்

பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. மாலைப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. தம்பி மகன்தான் போடுவான் போலிருக்கிறது.

எனக்கு மனசே ஆறல. ஒத்தப் பய, ஒத்த வார்த்தை — கூப்பிட்டா என்ன கொறஞ்சா போயிருவாரு இந்த மனுசன்? அந்த உருண்டைய ஒரு தடவ வாயில வச்சுப் பாத்திருந்தா... யாரு கொண்டுபோய்க் குடுக்க?

டிசம்பர் 22, திங்கள்

நேற்று பேரிகையில் ராகிக் களம். பொய் எதுவும் சொல்லாமல் நானும் போயிருந்தேன்.

காற்றில் தூற்றிக் குவித்ததும் கிருஷ்ணப்பன் முதல் முறத்தை அள்ளிச் சாமிக்கு வைத்துக் கற்பூரம் காட்டினார். இரண்டாவது முறத்தையும் அள்ளினார். அதை மூட்டையில் கொட்டவில்லை. துண்டை விரித்துத் தனியாகக் கொட்டினார். அக்கா என் கையைக் கிள்ளினார், இன்னும் வலிக்கிறது.

"இத கல்லு மண்ணு இல்லாம பொடச்சுக் குடு," என்றார் அக்காவிடம், குவியலைப் பார்த்துக்கொண்டே. "சாப்புடறவங்க பல்லுல பட்டா நம்ம பையனத்தான் சொல்வாங்க."

நானும் உட்கார்ந்து கல் பொறுக்கினேன். என்னைத் தாண்டி ஒரு கல் போயிருக்காது. கிளம்பும்போது துண்டில் கட்டிய அந்த ராகி மூட்டையை அவரே பஸ் ஸ்டாப் வரை தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கல்யாணத்துக்குச் சட்ட தைக்கணும். அளவுக்கு அவன் சட்ட ஒண்ணு வாங்கியாங்கம்மா."

இன்று ஷிஃப்ட் முடிந்ததும் ஓட்டலுக்குப் போய் மூட்டையைக் கொடுத்தேன், செய்தியையும் சொன்னேன். "அப்பாவா கேட்டாரு?" என்று இரண்டு தடவை கேட்டான். மாற்றுச் சட்டை அங்கே இல்லையாம். போட்டிருந்த வெள்ளைக் கோட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டான்.

நாளை அக்காவிடம் கொடுத்தனுப்ப வேண்டும். கோட்டின் கைப்பகுதியில் தக்காளிக் கறை இருக்கிறது. துவைத்துக் கொடுக்கலாமென்று வாளி வரை கொண்டுபோனேன். பிறகு வேண்டாமென்று மடித்து வைத்துவிட்டேன். அவன் அப்பா பார்க்கட்டும்.