ஆறு நோன்பில் ஐந்தாம் நாள்

மருதமுனை
14.08.1982

அன்பின் மச்சானுக்கு,

உங்கள் ஜுனைதா ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளையும் மாமியும் சுகம். குவைத் வெயிலில் நீங்களும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன்.

கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், இது நானே எழுதுவது. ஏழு மாதமாக ஸுல்பிகாவின் எழுத்தில் கடிதம் வருகிறதே, என்னோடு என்ன கோபம் என்று கேட்டிருந்தீர்கள். கோபமில்லை மச்சான், விரல் மடங்கவில்லை. விடிந்தால் மூட்டெல்லாம் வீங்கி, பிள்ளைக்குத் தலைகூடப் பின்னிவிட முடியாது. உங்களிடம் சொல்லக் கூடாதென்று உங்கள் தங்கச்சி ஸுல்பிகாவிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன். அவளை ஏசாதீர்கள்.

உடம்பைக் காக்க வேண்டிய இரத்தமே என் மூட்டுகளைப் பகையென்று நினைத்துத் தாக்குகிறது என்கிறார் டொக்டர். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

இனித்தான் புதினமான சேதி. நோன்பு பதினைந்து போனதும் வீக்கம் வற்றியது. பிள்ளைக்கு நானே பேன் பார்த்தேன். பெருநாளன்று மாட்டிறைச்சியும் வட்டிலப்பமும் ஒரு பிடி பிடித்தேன். நாலாம் நாள் விரல் பழையபடி வீங்கிவிட்டது. அதனால் பெருநாளுக்குப் பிறகு விரும்பியவர்கள் பிடிக்கும் ஆறு நோன்பையும் பிடிக்கத் தொடங்கினேன். இன்று ஐந்தாவது, கடிதம் எழுதக் கையில் பேனை நிற்கிறது! மருமகளுக்கு இபாதத்தும் இறைபக்தியும் கூடிவிட்டதென்று மாமி தெருவெல்லாம் பெருமையடிக்கிறார். விரலுக்காகப் பிடிக்கும் நோன்பை அல்லாஹ் ஏற்பானோ என்று எனக்கோ வெட்கம்.

வருஷம் முழுக்க நோன்பு பிடித்தால் போதுமென்று நினைத்து, டொக்டர் விழுங்கத் தந்த குளிசையையும் நிறுத்திவிட்டு அவரிடம் போனேன். மனுசன் நன்றாக ஏசினார். சாப்பாட்டால் சிலருக்கு நோவு குறையும், கூடும். இந்த மூட்டு வருத்தம் அடியோடு மாறாது, நோன்பு விட்டால் நோவு திரும்பும், குளிசையை விடவே கூடாது என்றார். இறைச்சியைக் குறைத்து, சூடை மீனும் கீரையும் தின்று பார்க்கட்டாம். பார்க்கிறேன்.

நீங்கள் இடுப்பில் உடுக்கவென்று தொடங்கிய சாரன் தறியில் அரைவாசியில் நிற்கிறது. நேற்று ஒரு சாண் நெய்தேன். நாளையோடு ஆறும் முடிகிறது, பிறகு இந்தக் கை எப்படியோ தெரியாது. பயமாக இருக்கிறது மச்சான்.

இன்னும் இரண்டு வருஷம் நிற்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். ஒரு மாத லீவாவது கேட்டு வாருங்கள். ரேடியோவும் வேண்டாம், சீலையும் வேண்டாம். சாரனை முடித்து என் கையாலேயே தர வேண்டும்.

அல்லாஹ் உங்களைச் சுகத்தோடு என் கண்முன் சேர்த்து வைப்பானாக, ஆமீன். அடுத்த கடிதம் ஸுல்பிகாவின் எழுத்தில் வந்தால் கோபிக்காதீர்கள், சொல்லிக் கொடுப்பது நான்தான். இதை மட்டும் எறியாமல் வைத்திருங்கள்.

உங்கள்
ஜுனைதா