அப்பாவின் வான்கோழிக் கத்தி

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நீயும் அண்ணியும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

போனில் பேசினால் "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில், வருடா வருடம் நம் வீட்டில் நடக்கும் வான்கோழி விருந்தின் கதை. இந்த வருடம் வான்கோழியைத் தம்பிதான் வாங்கி வந்தான். படி ஏறும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவு பெரிசு. இருக்கிற நாலு பேருக்கு எதற்கடா இது என்று கேட்டேன். எப்பவும் வாங்கற அளவுதானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெண்ணெய் தடவி, உப்பும் மிளகும் போட்டு ஓவனில் வைத்ததும் அவனே. அம்மாவைச் சமையலறைப் பக்கமே விடவில்லை.

மேசைக்கு வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்பா சொல்வதுபோல் கொஞ்ச நேரம் ஆறவிட்டோம். அப்புறம்தான் வந்தது வினை. யார் வெட்டுவது? என் வீட்டுக்காரர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வாயைத் திறந்தால் வம்பு என்று அவருக்குத் தெரியும். போன வருடம் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று நீ அவருடைய கத்தியை எடுத்ததும், அப்பா இடத்துக்கு அவ்வளவு அவசரமா என்று தம்பி கேட்டதும், நீ ஒரு காலை மட்டும் வெட்டி அம்மா தட்டில் வைத்துவிட்டு, கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பியதும் எல்லோர் கண்ணிலும் ஓடியிருக்கும். அப்போது அப்பா போய் வருடம்கூடத் திரும்பாத வீடு. அவன் கேட்டது தப்பு. நீ திரும்பிப் பார்க்காமல் போனதும் தப்பு. நான் துணி வெட்டிப் பிழைக்கிறவள், கோணலை நேர் என்று சொல்ல எனக்கு வராது.

கடைசியில் தம்பிதான் எழுந்தான். ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்து அறுக்க ஆரம்பித்தான். எங்கே வைத்தாலும் எலும்பு. "இவ்ளோ பெரிய கோழியில கறியே இல்லையே, கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்" என்று வியர்த்து வழிய நிற்கிறான். அம்மா எட்டிப் பார்த்து, "டேய், குப்புறப் படுக்க வெச்சிருக்கே, அது முதுகுடா" என்றாள். நெஞ்சுக் கறி மொத்தமும் அடியில் கிடக்கிறது, இந்த மகான் முதுகெலும்பை அறுத்துக்கொண்டிருக்கிறார்! அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அம்மா சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி கத்தியைக் கீழே வைத்தான். அண்ணன் இருந்திருந்தா ஓவன்ல வைக்கும்போதே பார்த்துச் சொல்லியிருப்பான் என்றான். எங்கள் யாரையும் பார்க்கவில்லை, வான்கோழியிடம் சொல்வதுபோல் சொன்னான். பிறகு நான்தான் அதைப் புரட்டிப் போட்டுக் கையாலேயே பிய்த்துப் பரிமாறினேன். அப்பா வெட்டினால் நெஞ்சுக் கறி மெல்லிசாக, தோலோடு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழுமே! உனக்குக் காலா, நெஞ்சா என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு வைப்பாரே! அதெல்லாம் இல்லை. கிழிசல் துணிபோல வந்ததை அள்ளிப் போட்டேன். ருசியில் குறையில்லை. ஆனால் பாதிக்குமேல் தட்டிலேயே மீந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விருந்துக்கு முன்னால் அம்மா அண்ணிக்குப் போன் செய்து, கத்தி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டாள். அதற்கு நேற்று நீ எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய், கத்திதான் வேண்டுமென்றால் பார்சலில் அனுப்பிவிடுகிறேன், அத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று. அண்ணா, அம்மா கேட்டது கத்தியையா? வாடா என்று வாய்விட்டுக் கூப்பிட்டு நீ வராமல் போனால் அவளால் தாங்க முடியாது. அதனால் கத்தியைக் கேட்டாள். இதுகூட உனக்குப் புரியவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

அந்தப் பார்சல் இந்த வீட்டு வாசலுக்கு வந்தால் அம்மா உடைந்துபோவாள். இனி நீ வரப்போவதில்லை என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். எனக்கும் அப்படித்தான் தோன்றும். பயமாக இருக்கிறது அண்ணா.

குழந்தைக்கு ஒரு கவுன் தைத்து வைத்திருக்கிறேன். போன வருடத்து அளவுதான் என்னிடம் இருக்கிறது. வளர்ந்திருப்பாள். உள்ளே துணி விட்டுத்தான் தைத்தேன், பிரித்துப் பெரிதாக்கலாம். ஆளை நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் இதையும் தபாலில் அனுப்பப் போவதில்லை.

அன்றைக்கு நான் பிய்க்கும்போது அம்மா ஒரு காலை மட்டும் முழுசாக வாங்கிச் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டாள். யாருக்கு என்று சொல்லவில்லை. ஐஸ் எடுக்கப் போனால்கூட, அதைத் தொடாதே என்று குரல் வருகிறது.

இன்னொன்று. கத்தியைக் கொண்டுபோன நீ அதைத் தீட்டுகிற கல்லை விட்டுவிட்டுப் போய்விட்டாய். அது அலமாரிக்குள் எங்கோ கிடந்தது. விருந்துக்கு மறுநாள் தம்பி அதைத் தேடி எடுத்து, கழுவித் துடைத்து, அப்பா வைக்கிற இடத்தில் வைத்தான். நான் பார்த்ததை அவன் பார்க்கவில்லை.

கடவுள் உங்கள் மூவரையும் நன்றாக வைத்திருக்கட்டும். இத்தனை நாளில் கத்தி மழுங்கிப் போயிருக்கும். பரவாயில்லை, அப்படியே நீயே எடுத்துக்கொண்டு வா. கல் இங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் தங்கை