பின்வாசல் நிறுத்தம்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் டிரைவர் எழுதிக்கொள்வது. நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். என் பஸ்ஸுக்குத்தான் கொஞ்ச நாளாக இருமல். உன் முதுகுவலி குறைந்ததா? வேலைக்கு நடுவே வார்டில் நின்றுகொண்டே சாப்பிடாதே என்று போன மாதமும் சொன்னேன். நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். சொல்லி வைப்பது என் வேலை.

போனில் சொல்லாமல் இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உறைக்குள் இன்னொரு காகிதமும் இருக்கிறது. அதை இப்போது பிரிக்காதே. முதலில் இதை முழுக்கப் படி. உட்கார்ந்து படி.

காலை டிரிப்பைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. ஏழு பத்துக்கு டிப்போவை விட்டுக் கிளம்புகிறேன். நம் தெருமுனையில் அவள் ஏறுவாள். "அப்பா" என்று கூப்பிட மாட்டாள். மற்றவர்களைப் போல ஏறி, இடது பக்கம் மூன்றாவது ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். ஓட்டும்போது டிரைவரிடம் பேசக்கூடாது என்று ஒரு போர்டு இருக்கிறதே, அதை உலகத்திலேயே மதிக்கிற ஒரே ஆள் உன் மகள்தான். என் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அவள் முகம் சரியாக விழும். அந்தச் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்று முழுக்க எதையோ வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும் எனக்கு.

ஆற்றுப் பாலம் ஏறுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பனி இறங்கியிருக்கும் நாட்களில் கீழே தண்ணீரும் தெரியாது, அக்கரையும் தெரியாது. நாற்பது பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டு மேகத்துக்குள் வண்டி ஓட்டுகிறேனோ என்று தோன்றும். ஒருத்தன் தலை பக்கத்துச் சீட்டுப் பெண்ணின் தோளில் சாயும். அவளும் தூக்கத்திலேயே அதைத் தள்ளிவிடுவாள். இன்னொருத்தன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிப்பான். பரீட்சையும் அப்படித்தான் எழுதுவானோ என்னவோ. அவர்கள் விழித்துக்கொள்ளாதபடி பிரேக் போடுவேன். இருபத்தாறு வருஷத்தில் நான் கற்ற வித்தை அது ஒன்றுதான். நம் மகள் மட்டும் தூங்குவதில்லை. ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டு, அதில் விரலால் எதையோ எழுதி, துடைத்துவிட்டு மேலே பார்ப்பாள். மேலே என்றால் வானத்தை.

பல்கலைக்கழகத்துக்கு இரண்டு நிறுத்தங்கள். முதலில் முன்வாசல். நீ ஆசைப்பட்டுச் சேர்த்துவிட்ட பார்மசி கட்டடம் அங்கேதான் இருக்கிறது. படித்து முடித்து உன் ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வரவேண்டியவள் அங்கேதான் இறங்க வேண்டும். மதிலைச் சுற்றி ஐந்து நிமிஷம் போனால் பின்வாசல். அங்கே ஒரு புல்வெளியும் பழைய கட்டடம் ஒன்றும் உண்டு, வேறெதுவும் கிடையாது. அதற்கு அடுத்தது கடைசி ஸ்டாப்.

போன வருஷம் முழுக்க முன்வாசலில்தான் இறங்கினாள். இந்த வருஷம் வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரம், எல்லோரும் இறங்கினார்கள், அவள் உட்கார்ந்தே இருந்தாள். அசந்துவிட்டாளோ என்று பார்த்தால் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். பின்வாசலில் மணியடித்து இறங்கினாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

நீ இப்போது என்ன நினைக்கிறாயோ அதைத்தான் நானும் நினைத்தேன். பெண்ணைப் பெற்றவன் மனசு வேறெங்கே போகும்? ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. கடைசி ஸ்டாப்பில் எனக்குப் பதினைந்து நிமிஷம் ஓய்வு உண்டு. ஒருநாள் டீயைக்கூடக் குடிக்காமல் பின்வாசலுக்கு நடந்து போனேன். வேலிக்கு வெளியே ஒளிந்து நின்று பெற்ற மகளையே வேவு பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்த்தேன்.

எவனும் இல்லை. புல்வெளி நடுவே நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்று நின்றது. அதைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். பிறகு ஒரு பேராசிரியை அம்மாவும் நாலைந்து பிள்ளைகளும், ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை பலூனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கயிற்றை நம் மகள் கையில் கொடுத்தார்கள். அவள் விட்டாள். அது மேலே போகப் போக இவளும் அண்ணாந்தபடியே பின்னால் நடந்தாள். ஒரு கால் செருப்பு கழன்று புல்லில் கிடந்ததுகூடத் தெரியவில்லை. பலூன் பொட்டாகி, பொட்டும் மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டே நின்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அண்ணாந்துதான் நின்றிருக்கிறேன். அன்று வண்டியைப் பத்து நிமிஷம் தாமதமாக எடுத்தேன்.

வானிலைத் துறையாம். காற்றையும் மழையையும் பனியையும் அளந்து எழுதுகிற படிப்பாம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ ஆஸ்பத்திரி வேலைக்கென்று அவ்வளவு தூரம் போன இந்த ஆறு வருஷத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு அவள் மணியடிக்கும் முன்பே பின்வாசலில் வண்டி நின்றுவிடும். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் "பொண்ணு ஒழுங்கா படிக்கிறாளா?" என்று கேட்பாய். "படிக்கிறா, படிக்கிறா" என்பேன். அது பொய் இல்லை. என்ன படிக்கிறாள் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கோபப்படாதே. சரி, கோபப்படு, எனக்கு அது வேண்டியதுதான்.

போன செவ்வாய்க்கிழமை மாட்டிக்கொண்டேன். பார்மசி பிள்ளைகளுக்கு அன்று பரீட்சை. நல்ல பனி. முன்வாசல் நெருங்கும்போது கண்ணாடியைப் பார்த்தேன், அவள் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்திருக்காவிட்டால் இறங்கும் இடம் இன்னும் வரவில்லை என்றே என் கைக்கும் காலுக்கும் பழகிவிட்டது. நிறுத்தாமல் ஜம்மென்று போய்க்கொண்டே இருக்கிறேன். முதலில் ஒருத்தி கத்தினாள். அப்புறம் வண்டியே கத்தியது. கண்டக்டர் விசிலை ஊது ஊதென்று ஊதிவிட்டு, "அண்ணே, முன்வாசல் போயிடுச்சுண்ணே! எங்கண்ணே போறீங்க?" என்கிறான். அந்தச் சந்தில் எங்கே நிறுத்துவது? பின்வாசலில்தான் நிறுத்தினேன். நாற்பது பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு மதிலோரமாக ஓடினார்கள். நல்லவேளை, எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டார்களாம்.

எல்லோரும் இறங்கிய பிறகும் அவள் மட்டும் இறங்கவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்தாள். எனக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. போர்டை மீறி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "எத்தனை நாளாப்பா தெரியும்?" என்றாள். "செருப்பு கழண்ட அன்னைக்கிலேர்ந்து" என்றேன். கண்டக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

டிப்போவில் மெமோ கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒருநாள் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் முன்வாசல் வந்ததே தெரியாமல் போய்விட்டதாம். பின்வாசலில் இறங்கியவள், கதவு திறந்திருந்த வகுப்பில் சும்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் அங்கேதான். பார்மசி வகுப்புக்குப் போன நாட்கள் போதவில்லை என்று பரீட்சை எழுத விடவில்லை, இந்த வருஷம் போன மாதிரிதான். ஆனால் அந்தப் பேராசிரியை அம்மா இவளைத் தன் துறையில் சேர்த்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இருபதாம் தேதிக்குள் அந்தத் துறை மாற்றக் காகிதம் போய்ச் சேர வேண்டும்.

"அம்மாகிட்ட நானே சொல்றேன்" என்றாள். நாலு ஞாயிறாகப் போனை வாங்கி உன் முதுகுவலியை விசாரித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாளே, அது இதற்காகத்தான். நேற்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா எனக்காகத்தானேப்பா அங்க தனியா இருக்காங்க. நான் வரலேன்னு எப்படிச் சொல்றது?" என்று அழுதாள்.

இப்போது அந்தக் காகிதத்தைப் பிரி. சேர்க்கும்போது பொறுப்பாளர் என்று உன் பேரைத்தான் எழுதினோம். நான் கையெழுத்துப் போட்டால் செல்லாதாம். சீருடையோடு போய் ஆபீஸில் நின்று கேட்டேன், அப்படியும் செல்லாதாம். நீ போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். இது உன்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிற காகிதம்தான். நீ எதை நினைத்து அங்கே நாளை ஓட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும், அதனால் சுற்றி வளைத்துப் பேச வாய் வரவில்லை. போடு என்று உன்னை அதிகாரம் செய்ய எனக்கு முகம் இல்லை. போட்டுவிடும்மா என்று கேட்கிறேன்.

அவளுக்காக ஜன்னலோரமாக இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டிருப்பதாகப் போனில் சொன்னாய். அதை யாருக்கும் கொடுத்துவிடாதே. எனக்குப் பதினொரு மாதத்தில் ஓய்வு. அதற்குள் அவளுக்கு விடுதியில் இடம் கிடைத்துவிடுமாம், விசாரித்துவிட்டேன். அங்கே எனக்கு ஓட்ட வண்டி கிடைக்காது, அதுவும் தெரியும். உன்னை வார்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, வேலை முடிந்ததும் கூட்டி வர ஒரு ஆள் வேண்டாமா? நடந்தேகூடக் கூட்டி வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் கட்டில் என் நீளத்துக்குப் போதுமா என்று மட்டும் அளந்து எழுது.

உன் கோபத்துக்கும் பதிலுக்கும் காத்திருக்கும்
உன் டிரைவர்