மூன்று முறை அளந்த எலும்பு

24-6-1986, செவ்வாய்

மதுரையில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "பிள்ளையோட தொடை எலும்பை இன்னொரு தடவை பாப்போம்" என்று மூன்று முறை அளந்தார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு இவரிடம் மட்டும் பேசினார். "பிள்ளை நல்லாருக்காம்" என்றார் இவர். நான் நம்பவில்லை. தென்காசி வரும்வரை பஸ்ஸில் இவர் என் முகத்தையே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், வெள்ளிக்கிழமை வளைகாப்பு வேண்டாம், குற்றாலம் சீசன் கூட்டத்தில் யாருக்கும் பஸ் கிடைக்காது என்றார். சுரண்டையிலிருந்து வருகிற என் அக்காவுக்குக் குற்றாலம் வழியா?

சாப்பிடும்போது வேண்டுமென்றே பொய் சொன்னேன். "டாக்டரம்மா எங்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டாவ."

இவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டார்.

"பெறந்தாலும் மூச்சு விடாதுன்னும் சொன்னாவளா?"

வயிற்றில் கை வைத்தேன். உள்ளே பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தது.