ஃப்ரீசரில் இரண்டு பச்சை டிரே

உம்மணாமூஞ்சி அவர்களுக்கு,

தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். நாலு மணிக்கு உங்க அக்கா வர்றாங்க. எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுங்க. பால்கனித் தொட்டியில மண்டிக் கிடந்த புதினாவைப் பறிச்சு, அலசி, அரைச்சு, ஃப்ரீசர்ல உறைய வெச்சிருக்கேன். டம்ளருக்கு ஒரு கட்டி போதும், வாசனை தூக்கும். அதுக்குத்தான் உங்க ஐஸ் டிரேயை எடுத்தேன். அதுக்குப் போய் மூணு நாளா பேச்சில்லை!

ஒரு சின்ன விஷயம். பச்சையா டிரே ரெண்டு இருக்கு. ஒண்ணு புதினா. இன்னொண்ணு, சமையலுக்குக் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் அரைச்சது. பேர் எழுதி ஒட்டித்தான் வெச்சிருந்தேன். காலையில "டீ வேணுமா?"ன்னு கேட்டதுக்கு, பேப்பரைப் பார்த்துத் தலையாட்டினீங்களே, அப்பவே ரெண்டு சீட்டையும் கிழிச்சுப் போட்டுட்டேன்.

மோந்து பார்க்கலாம்னு நினைக்காதீங்க. உங்களுக்குத்தான் மூக்கடைப்பாச்சே. ஃபிளாஸ்க்ல வெந்நீர் இருக்கு, ஆவி பிடிங்க. ஆனா அக்கா போனப்புறம்.

நாக்குல வெச்சுப் பார்க்கிற தைரியம் இருந்தா பாருங்க. மிளகாயும் நம்ம தொட்டியில காய்ச்சதுதான். போன தடவை கண்ணுல தண்ணி விட்டீங்களே, அதே செடி.

இல்லைன்னா வாயைத் திறந்து என்கிட்ட கேளுங்க, சொல்றேன். போனைத் தையல் மிஷின் மேலேயே வெச்சிருப்பேன்.